சனிக்கிழமைக்குத் துணை நாள் எது? இஸ்ரேலின் வார விடுமுறைக் கணக்கு

இஸ்ரேல் அலுவலகத்தோடு சேர்ந்து வேலை பார்க்கும் மென்பொருள் ஊழியர்களைக் கேட்டால் தெரியும். வெள்ளிக்கிழமை நாம் ஒரு சந்தேகம் கேட்டால் அங்கிருந்து பதில் வராது. ஞாயிற்றுக்கிழமை நாம் வீட்டில் இருக்கும்போது மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக வந்து நிற்கும். அங்கே வேலை வாரம் ஞாயிறு காலையில் தொடங்கி வியாழன் மாலையில் முடிகிறது. பெரும்பாலானோருக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை.

சனி விடுமுறை என்பதில் புதிர் எதுவும் இல்லை. அது யூதர்களின் ஓய்வுநாளான சபாத். ஆனால் இரண்டாவது நாள் ஏன் வெள்ளி? ஞாயிறாக வைத்துக்கொண்டால் அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா எல்லாவற்றோடும் ஒத்துப்போகுமே? இஸ்ரேலியர்களே பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறார்கள். நாடாளுமன்றம் வரை போய், குழு வரை போய், மறுபடி வெள்ளியிலேயே வந்து நிற்கிறார்கள். காரணம் பிடிவாதம் இல்லை. சபாத் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால், வெள்ளிக்கிழமையை அதனிடமிருந்து பிரிப்பது எவ்வளவு கடினம் என்பது புரிந்துவிடும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் நேரம். யூத வழக்கத்தில் நாள் என்பது மாலையில் தொடங்குகிறது. ஆகவே சபாத் சனிக்கிழமை விடியலில் வருவதில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே வந்துவிடும். சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும்போது முடியும். மொத்தம் சுமார் 25 மணி நேரம். சூரியனை வைத்துக் கணக்கிடுவதால் ஆரம்ப நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். கோடையில் மாலை ஏழரைக்கு மேல், குளிர்காலத்தில் நாலரை வாக்கில்.

அடுத்து, அந்த 25 மணி நேரத்தில் என்ன செய்யக்கூடாது என்பது. யூத மரபு 39 வகை வேலைகளை விலக்கி வைத்திருக்கிறது. தீ மூட்டுவது, சமைப்பது, எழுதுவது, தைப்பது, கட்டுவது, அறுவடை செய்வது எல்லாம் அதில் வரும். அந்தப் பட்டியலை இன்றைய வாழ்க்கைக்கு நீட்டிப் பார்த்தால், கார் ஓட்டக்கூடாது, விளக்கு சுவிட்சைப் போடக்கூடாது, போன் எடுக்கக்கூடாது, பணத்தைக் கையாளக்கூடாது. கடைப்பிடிப்பவர்கள் வீட்டில் விளக்குகளை முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள், அல்லது நேரக் கருவி ஒன்று அதைப் பார்த்துக்கொள்ளும். உணவு வெள்ளிக்கிழமையே சமைத்து ஒரு சூட்டுத் தட்டின் மேல் ஏற்றப்பட்டிருக்கும். இறைச்சி, பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் போட்ட ஒரு பெரிய பாத்திரம் இரவு முழுக்க மெல்லிய சூட்டில் கிடந்து, சனி மதியச் சாப்பாட்டுக்குத் தயாராகும். அடுக்குமாடிகளில் சில லிஃப்ட்டுகள் பொத்தானை யாரும் தொடாமலே ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று போகும். உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் மட்டும் இந்தத் தடைகள் எல்லாம் விலகிவிடும். அந்த நேரத்தில் கார் ஓட்டுவது தவறில்லை, கடமை.

இதைப் படிக்கும்போது தடைகள்தான் கண்ணில் படும். எனக்கு இதில் மிகவும் பெரியதாகத் தோன்றுவது வேறொன்று. ஓய்வுநாளைக் கட்டளையிடும் யூதர்களின் வேத வசனம், ஓய்வு உனக்கு மட்டும் என்று சொல்லவில்லை. உன் மகன், மகள், உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, கழுதை, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் எல்லாருக்கும் அன்று ஓய்வு என்கிறது. அடிமை முறை இருந்த காலத்தில், அடிமைக்கும் வாரத்தில் ஒரு நாள் உண்டு என்று எழுதி வைத்த சட்டம் அது. எஜமான் வேலை வாங்குவதை நிறுத்தினால்தான் வேலைக்காரனுக்கு ஓய்வு. எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் யாருக்கும் முழு ஓய்வு. அவரவர் தங்களுக்குப் பிடித்த நாளில் லீவு எடுத்துக்கொள்ளட்டும் என்று யூத சமூகம் விடாததற்கு வேர் இங்கே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் என்ன நடக்கிறது

ஒரு டிசம்பர் வெள்ளியை எடுத்துக்கொள்வோம். ஜெருசலேமில் அன்று சூரியன் சுமார் நாலரைக்குச் சற்றுப் பிறகு மறையும். சபாத்தை வரவேற்கும் மெழுகுவத்திகளைச் சூரியன் மறைவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். பல ஊர்களில் 18 நிமிடங்கள் முன்பு. ஜெருசலேமின் வழக்கம் 40 நிமிடங்கள். ஆக, நாலு மணி வாக்கில் ஊரில் சங்கு ஊதும். அதற்குப் பிறகு அடுப்பைத் தொட முடியாது.

அதற்குள் என்னென்ன முடிய வேண்டும்? வெள்ளி இரவு விருந்து, சனி மதியச் சாப்பாடு, சனி மாலை மூன்றாவது வேளை, மூன்றுக்கும் சமையல். பின்னல் போட்ட ரொட்டி இரண்டு, மீன், கோழி சூப். வீடு பெருக்கித் துடைத்து, துணி தேய்த்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நல்ல உடை போட்டுவிட வேண்டும். நம் வீடுகளில் தீபாவளிக்கு முதல் நாள் இருக்கும் பரபரப்பு அங்கே வாரா வாரம். நகரப் பேருந்துகளும் ரயில்களும் மதியத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக நின்றுவிடும். வெளியூரில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போகிறவர்கள் கடைசி வண்டியைப் பிடித்தாக வேண்டும்.

இந்த நாளில் ஐந்து மணி வரை அலுவலகம் நடத்த முடியுமா? முடியாது. நடத்தினால், குளிர்காலத்தில் கடைப்பிடிக்கும் ஊழியர் ஒருவரும் வர மாட்டார். அதனால் வாரத்துக்கு ஆறு நாள் வேலை இருந்த காலத்திலேயே வெள்ளி ஒரு அரைநாள்தான். பிற்பாடு ஐந்து நாள் வாரம் பரவியபோது, ஏற்கெனவே பாதி தேய்ந்துபோயிருந்த வெள்ளியை முழுதாக விட்டுவிடுவதுதான் எல்லாருக்கும் எளிதாக இருந்தது. முழு வேலை நாளான ஞாயிறை விடுவதைவிட இழப்பு குறைவு. வெள்ளி விடுமுறை ஆன கதை பெரும்பாலும் இவ்வளவுதான்.

இதன் பலன் இரண்டு வகை மனிதர்களுக்கு இரண்டு விதமாக இருக்கிறது. சமயக் கட்டுப்பாடு பார்க்காத ஒரு தம்பதிக்கு வெள்ளி காலை வாரத்தின் இனிமையான நேரம். பல ஆரம்பப் பள்ளிகள் வெள்ளியும் அரைநாள் நடப்பதால் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். இவர்கள் காபிக் கடையில் உட்காரலாம், சந்தைக்குப் போகலாம். மறுநாள் காரை எடுத்துக்கொண்டு கடற்கரை. வியாழன் இரவே ஊர் சுற்றல் தொடங்கிவிடும்.

கடைப்பிடிக்கும் குடும்பத்துக்கோ, வெள்ளி என்பது வீட்டு வேலை நாள். சனி என்பது புனித நாள். ஜெபம், விருந்து, நடை, தூக்கம், பிள்ளைகளோடு பேச்சு எல்லாம் அதில் உண்டு, நிறைவாக உண்டு. ஆனால் நீச்சல் குளம், சினிமா, காட்டுச் சுற்றுலா, மேட்ச் எதுவும் கிடையாது. இஸ்ரேலில் கால்பந்துப் போட்டிகள் பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கின்றன. சபாத் பார்க்கும் வீட்டில் பிறந்த ஒரு பையன் தன் அபிமான அணியின் சனி ஆட்டத்தை மைதானத்தில் பார்க்காமலே வளர்ந்துவிடுவான். ஓய்வுக்கு ஒரு நாள் இருக்கிறது, பொழுதுபோக்குக்கு ஒரு நாளும் இல்லை. ஞாயிறு விடுமுறை வேண்டும் என்று குரல் கொடுப்பவர்களில் சமயப்பற்றுள்ளவர்களும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

1948இல் நாடு பிறந்த கையோடு, சபாத்தும் யூதப் பண்டிகைகளும் நாட்டின் ஓய்வு நாட்கள் என்று சட்டம் போட்டார்கள். யூதர் அல்லாதவர்கள் தங்கள் ஓய்வு நாளையும் பண்டிகைகளையும் அனுசரிக்கலாம் என்பதும் அதிலேயே உண்டு. இதற்கு முன்னுரை ஒரு கடிதம். 1947 ஜூனில், பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான பென் குரியனும் அவருடைய சகாக்களும் தீவிர ஆசார யூதர்களின் அமைப்பான அகுதத் இஸ்ரேலுக்கு எழுதியது. வரப்போகும் நாட்டில் சபாத்தே அதிகாரப்பூர்வ ஓய்வுநாளாக இருக்கும் என்று அதில் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அன்றாட வாழ்க்கையை ஆள்வது 1951இன் வேலை நேரம் மற்றும் ஓய்வுச் சட்டம். அதன்படி தொழிலாளிக்கு வாரத்துக்குத் தொடர்ச்சியாகக் குறைந்தது 36 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். யூதருக்கு அந்த 36 மணிக்குள் சபாத் அடங்கியிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றில் அவர்கள் தங்கள் ஓய்வு நாளாக ஏற்கும் நாள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: குளிர்கால வெள்ளி மாலை நாலு மணிக்கு ஓய்வு தொடங்கினால், 36 மணி நேரம் முடிவது ஞாயிறு அதிகாலை நாலுக்கு. அதாவது சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்ச ஓய்வு சபாத்தும் அதையொட்டிய இரவும்தான். வெள்ளிப் பகல் அதில் கட்டாயம் இல்லை. அது நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் காலப்போக்கில் கொண்டுவந்தது. கடைகள், உணவகங்கள், பல சிறு தொழில்கள் இன்றும் வெள்ளி மதியம் வரை திறந்தே இருக்கின்றன.

ஓய்வு நாளில் ஒரு யூதரை வேலைக்கு வைக்க வேண்டும் என்றால் தனி அனுமதி வேண்டும். மருத்துவமனை, மின்சாரம், பாதுகாப்பு போன்றவற்றுக்குக் கிடைக்கும். அப்படி வேலை பார்ப்பவருக்கு ஒன்றரை மடங்கு ஊதியம். மீறும் கடைகளுக்கு அபராதம் எழுத ஆய்வாளர் போக வேண்டுமே, அவரும் யூதராக இருந்தால் சபாத்தில் வேலை செய்ததாக ஆகிவிடாதா? இந்தச் சிக்கலைத் தீர்க்க, தொழிலாளர் அமைச்சகம் வெகுகாலம் யூதர் அல்லாத ட்ரூஸ் சமூகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களைச் சனிக்கிழமைகளில் அனுப்பி வந்தது.

பேருந்துதான் இதில் மிகக் கசப்பான விஷயம். நாட்டின் பெரும்பகுதியில் சபாத்தில் பொதுப் பேருந்தும் ரயிலும் ஓடாது. அரபியரும் யூதரும் கலந்து வாழும் ஹைஃபா நகரம் பழைய விதிவிலக்கு. அங்கே சில தடங்கள் ஓடும். டெல் அவிவும் அண்டை நகரங்களும் 2019இல் வார இறுதிக்கு இலவசச் சிறு பேருந்துகளைத் தாங்களாகவே விடத் தொடங்கின. மற்றபடி கார் இருப்பவருக்குச் சனிக்கிழமை கடற்கரை, கார் இல்லாதவருக்கு வீடு. சபாத்தை எல்லாருக்குமான நாளாக வைத்த அந்தப் பழைய கட்டளையின் மனசுக்கு இது ஒத்துவரவில்லை என்றே நான் நினைக்கிறேன். ஓய்வு நாளின் சுமை முழுக்க ஏழைப் பயணியின் தலையில் விழுகிறது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பேருந்து ஓடினால் ஓட்டுநர் வேலைக்கு வர வேண்டும். கடை திறந்தால் விற்பனையாளர் வர வேண்டும். ஒருவருடைய வசதி இன்னொருவருடைய ஷிஃப்ட்.

இந்தச் சண்டை அரசாங்கங்களையே கவிழ்த்திருக்கிறது. 1976 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து எஃப்-15 போர் விமானங்கள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கின. வரவேற்பு விழா சபாத் நேரத்தை நெருங்கிவிட்டதாகச் சமயக் கட்சிகள் கொதித்தன. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அதன் தொடர்ச்சியாகப் பிரதமர் ரபின் பதவி விலகினார். 1977 தேர்தலில் தொழிற்கட்சி முதன்முறையாக ஆட்சியை இழந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், தேர்தலை முன்னதாகக் கொண்டுவந்தது அந்த வெள்ளிக்கிழமைதான். 1982இல், அப்போது அரசு விமான நிறுவனமாக இருந்த எல் அல் சபாத்தில் பறப்பதை நிறுத்தியது. 2017இல் சபாத்தில் ரயில் பாதைப் பராமரிப்பு நடந்ததைக் கண்டித்து சுகாதார அமைச்சர் யாகோவ் லிட்ஸ்மன் பதவி விலகினார். 2018 ஜனவரியில், சனிக்கிழமை கடை திறக்க அனுமதிக்கும் நகராட்சி விதிகளை உள்துறை அமைச்சர் தடுக்கலாம் என்ற சட்டம் 58க்கு 57 என்ற ஒற்றை வாக்கில் நிறைவேறியது. நாடு இதில் எப்படிச் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறது என்பதற்கு அந்த எண்ணிக்கையே போதும்.

ஞாயிறு ஏன் வரவில்லை

உலகம் முழுக்கப் பரவிய சனி-ஞாயிறு விடுமுறைக்கே யூதத் தொழிலாளர்களோடு ஒரு தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆறு நாள் வேலை, ஞாயிறு மட்டும் விடுமுறை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து தையல் தொழிற்சாலைகளில் சேர்ந்த யூதர்கள் சனிக்கிழமை வரமாட்டேன் என்றால் வேலை போய்விடும். சரி, சனிக்குப் பதில் ஞாயிறு வேலை பார்க்கிறோம் என்றால், பல மாநிலங்களில் ஞாயிறு கடையடைப்புச் சட்டம் குறுக்கே நின்றது. 1908இல் நியூ இங்கிலாந்துப் பகுதி ஆலை ஒன்று, யூதத் தொழிலாளர்களுக்காகச் சனி, ஞாயிறு இரண்டையும் விட்டது. அமெரிக்காவின் முதல் ஐந்து நாள் வாரமாக வழக்கமாகக் குறிப்பிடப்படுவது அதுதான். யூதர்கள் நிறைந்திருந்த ஆடைத் தொழிலாளர் சங்கம் 1929இல் ஐந்து நாள் வாரத்தைக் கோரிப் பெற்றது. ஆனால் ஞாயிறு கடையடைப்பு உடனே ஒழிந்துவிடவில்லை. சனியும் ஞாயிறும் இரண்டு நாள் கடையை மூடினால் பிழைப்பு நடக்காது என்று பென்சில்வேனியாவின் யூதக் கடைக்காரர்கள் தொடுத்த வழக்கை 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெரும்பான்மையின் ஓய்வு நாள் சிறுபான்மைக்கு எவ்வளவு இடிக்கும் என்பதை யூதர்கள் இப்படி நேரடியாகப் பட்டு அறிந்தவர்கள். இஸ்ரேலில் அவர்களே பெரும்பான்மை ஆனபோது, அந்த இடி வேறு சிலருக்குப் போயிற்று.

2011இல் துணைப் பிரதமராக இருந்த சில்வான் ஷாலோம் ஞாயிறை விடுமுறையாக்கும் திட்டத்தை உரக்க முன்வைத்தார். வெள்ளி அரைநாள் வேலை, சனி சபாத், ஞாயிறு முழு விடுமுறை. வாதங்கள் வலுவானவை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பொதுவான வேலை நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரை நாலுதான் என்பது மாறும். கால்பந்தை ஞாயிற்றுக்கு நகர்த்தலாம். சமயம் பார்ப்பவரும் பார்க்காதவரும் ஒரே நாளில், ஒரே பூங்காவில், பிள்ளைகளோடு இருக்கலாம். இந்தக் கடைசி வாதம்தான் என் மனதைத் தொடுகிறது. இப்போது அந்த இரு தரப்பும் பொழுதுபோக்குக்காகச் சந்தித்துக்கொள்ள வாரத்தில் ஒரு முழு நாள்கூட இல்லை.

ஆனால் கணக்கு இடிக்கிறது. 1951இல் 47 மணி நேரமாக இருந்த சட்டப்படியான வேலை வாரம், 2018 ஏப்ரலில் 42 மணியாகக் குறைந்தது. ஐந்து நாளில் வகுத்தால் நாளொன்றுக்கு 8 மணி 24 நிமிடம். ஞாயிறை எடுத்துவிட்டு வெள்ளியில் 5 மணி நேரம் மட்டும் வேலை என்றால், மீதி 37 மணியை நாலு நாளில் திணிக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒன்பதேகால் மணி. வாரம் முழுக்க அம்மா அப்பா வீட்டுக்கு வருவது இன்னும் தாமதமாகும். டிசம்பர் வெள்ளியில் ஒரு மணிக்கு அலுவலகம் முடித்து, நெரிசலில் வீடு வந்து, நாலு மணிக்குள் மூன்று வேளைச் சமையலை முடிப்பது யார்? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். ஞாயிறு விடுமுறைக்கான விலையை வெள்ளி மதியம் அவரிடம்தான் வசூலிக்கும்.

இன்னொரு பக்கம், இஸ்ரேலின் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபியர். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை. இன்றைய ஏற்பாட்டில் வெள்ளி விடுமுறை அவர்களுக்கும் பொருந்திப் போகிறது. வெள்ளி அரைநாள் வேலை நாள் ஆனால், தொழுகை நேரமும் அலுவலகம் முடியும் நேரமும் மோதும். நாசரேத்து போன்ற ஊர்களின் கிறிஸ்தவர்களுக்கு மாறாக இது நல்ல செய்தியாக இருக்கும். இப்போது ஞாயிறன்று நாசரேத்தில் கிறிஸ்தவர்களின் கடைகள் பல மூடியிருக்கும். ஆனால் டெல் அவிவ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கிறிஸ்தவருக்கு அது வாரத்தின் முதல் வேலை நாள். ஞாயிறை ஓய்வு நாளாகக் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. மொத்த அலுவலகமும் கூட்டம் போட்டு வாரத்தைத் தொடங்கும் நாளில் ஒருவர் மட்டும் வராமல் இருப்பது நடைமுறையில் எளிதில்லை.

ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி-ஞாயிறுக்கு மாறியதே, வெள்ளி அரைநாள் என்று வைத்துக்கொண்டதே என்று சிலர் கேட்கலாம். அங்கே வெள்ளித் தொழுகையை மதியம் ஒரே நேரத்துக்கு நிர்ணயித்துவிட்டால், காலை வேலை முடித்துப் பள்ளிவாசலுக்குப் போகலாம். தொழுகை முடிந்ததும் நாள் மறுபடி சாதாரண நாள். அமீரகத்தில் வெள்ளியில் காக்க வேண்டியது ஒரு மணி நேரம். இஸ்ரேலில் வெள்ளியின் பின்பாதி முழுவதும் அடுத்த நாளின் வாசல்.

ஷாலோமின் யோசனை குழு ஆய்வுக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது. நாடு முழுவதற்கும் ஞாயிறு விடுமுறை வரவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் தன்னளவில் மாற முடிவு செய்தது. ஞாயிறு முதல் வியாழன் வரை இயங்கிவந்த டெல் அவிவ் பங்குச் சந்தை, 2026 ஜனவரியிலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை வர்த்தகம் என்று அறிவித்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்களின் வாரத்தோடு ஒத்துப்போவது நோக்கம். வெள்ளி வர்த்தகம் மட்டும் மற்ற நாட்களைப்போல மாலை வரை நீளாது. மதியத்தோடு மணி அடித்துவிடுவார்கள், குளிர்காலத்திலும் ஊழியர் சபாத்துக்கு முன் வீடு போய்ச் சேரும்படி.